காலம் உறைந்த ஊர் அல்ல, கொன்சுவேக்ரா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஸ்பெயினின் கொன்சுவேக்ரா ஊரைப் பற்றி ஒரு படக்கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. ஆனால் ‘காலம் உறைந்து நிற்கும் ஊர்’ என்ற தலைப்பும், படங்களுக்குக் கீழே இருந்த மூன்று குறிப்புகளும் அந்த ஊரைத் தலைகீழாகக் காட்டிவிட்டன. காற்றாலைகள் எல்லாம், செர்வாண்டிஸ் எழுதிய நாவலின் நாயகன் டான் குயிக்ஸாட் மோதிய அதே ஆலைகள் என்று ஒரு குறிப்பு. பிற்பகலில் ஊரே தூங்குகிறது என்று இன்னொன்று. குங்குமப்பூவை வெயிலில் உலர்த்துகிறார்கள் என்பது மூன்றாவது. மூன்றும் சரியல்ல. நேரத்தை இவ்வளவு கறாராகப் பார்த்து வேலை செய்யும் ஊர்கள் குறைவு. காற்று திசை மாறுவதற்குள் ஆலையைத் திருப்பியாக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் பூவைப் பறித்தாக வேண்டும், பொழுது விடிவதற்குள் இழையைப் பக்குவப்படுத்தியாக வேண்டும். அந்த ஊரின் வாழ்க்கை இந்தக் கெடுக்களுக்குள்தான் ஓடுகிறது.

கொன்சுவேக்ரா மாட்ரிட்டுக்குத் தெற்கே, லா மாஞ்சா சமவெளியின் ஓரத்தில், டொலேடோ மாகாணத்தில் இருக்கிறது. மக்கள்தொகை பத்தாயிரம் அளவில். ஊரை ஒட்டி கால்டெரிகோ என்ற நீளக் குன்று. அதன் முதுகில் ஒரு கோட்டையும் வரிசையாகப் பன்னிரண்டு வெள்ளை ஆலைகளும். ஒரு காலத்தில் பதின்மூன்று இருந்தன. நீங்கள் வெளியிட்ட படங்களில் ஒன்றைத் தவிர எல்லாமே இந்தக் குன்றைத்தான் காட்டுகின்றன. சுற்றுலாப் பேருந்தும் அங்கேதான் நிற்கிறது. ஆனால் ஊர் இருப்பது குன்றின் அடியில்.

முதலில் ஆலைகளைப் பற்றி. இவை மின்சாரம் எடுப்பவை அல்ல, கோதுமை அரைத்தவை. காற்றை நம்பி ஆலை கட்டியதற்குக் காரணம் தண்ணீர். லா மாஞ்சாவின் சிற்றாறுகள் கோடையில் வற்றிவிடும். ஆற்று நீரில் ஓடும் மாவாலை வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். காற்றுக்கோ அந்தச் சமவெளியில் தடையே இல்லை. அதனால்தான் 16ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட ஆலைகள் அந்தப் பகுதியில் பரவின.

ஆலைக்கு மூன்று தளங்கள். தரைத்தளத்தில் கழுதைகளும் மூட்டைகளும். நடுத்தளத்தில் கருவிகளும், மேலிருந்து சரிவுப் பலகை வழியாக இறங்கும் மாவும். அரவைக் கற்கள் இருப்பது உச்சித் தளத்தில். கல்லை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்றால், இறக்கைகளின் அச்சு அங்கேதான் இருக்கிறது. விசையைக் கீழே கொண்டுவர நீண்ட தண்டு தேவைப்படாது, வழியில் வீணாகவும் செய்யாது. அதற்குக் கொடுத்த விலை, ஒவ்வொரு கோதுமை மூட்டையையும் சுழல் படியில் மேலே ஏற்றியாக வேண்டும் என்பது.

நான்கு இறக்கைகளும் மரச்சட்டத்தால் ஆன ஏணிகள் மாதிரி. அவற்றின் மேல் கித்தான் துணியைக் கட்டினால்தான் காற்றைப் பிடிக்கும். காற்று மெலிந்தால் முழுத் துணி, வலுத்தால் பாதித் துணி, சூறை அடித்தால் துணியே இல்லை. இறக்கை அச்சில் ஒரு பெரிய மரப் பல்சக்கரம். அதற்கு ‘கத்தலினா’ என்று பெயர். அதன் பற்கள் ‘லிந்தெர்னா’ என்னும் கூண்டு போன்ற சிறிய சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே நுழைந்து அதைச் சுழற்றும். பெரிய சக்கரம் சிறியதைத் திருப்புவதால், இறக்கை ஒரு சுற்று முடிப்பதற்குள் மேற்கல் பல சுற்றுச் சுற்றிவிடும். கீழ்க்கல் அசையாது. மேற்கல்லின் நடுத்துளை வழியாகக் கோதுமை விழும், இரண்டு கல்லுக்கும் இடையே அரைபட்டு விளிம்பில் மாவாக வெளியேறும். மேற்கல்லைக் கொஞ்சம் தூக்கவும் இறக்கவும் ஒரு நெம்புகோல் உண்டு. மாவு நைசா குருணையா என்பதை முடிவு செய்வது அதுதான். தொட்டியில் தானியம் தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் கல்லோடு கல் உராயும், சூடேறும், வரிகள் மழுங்கும். மழுங்கிய கல்லை நாம் அம்மி கொத்துவது போல உளி கொண்டு மறுபடி கொத்த வேண்டும். மேற்கல்லைக் கயிறு கட்டித் தூக்கிப் புரட்டிப் போட்டுச் செய்யும் வேலை அது. அரைத்த கூலியைக் காசாக வாங்கமாட்டார்கள். அரைத்ததில் ஒரு பங்கு ஆலைக்காரருக்கு. ‘மக்கீலா’ என்பது அந்தப் பங்கின் பெயர்.

கட்டுரையில் விட்டுப்போன மிக முக்கியமான உறுப்பு, கூரையிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து தரையைத் தொடும் நீண்ட மரத்தடி. உங்கள் நான்காவது படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது, ஆனால் குறிப்பில் ‘முட்டுக்கட்டை’ என்று எழுதியிருக்கிறார்கள். அது முட்டுக்கட்டை அல்ல, ஆலையின் சுக்கான். சுவர் வட்டமாக நிற்கும், கூம்புக் கூரை மட்டும் இறக்கைகளோடு சேர்ந்து திரும்பும். ஆலையைச் சுற்றித் தரையில் கல்தூண்கள் நட்டிருப்பார்கள். ஒரு சிறிய கைராட்டினத்தை ஏதாவது ஒரு தூணில் பிணைத்து, வடத்தால் தடியை இழுத்து, இறக்கைகளைக் காற்றுக்கு நேராகக் கொண்டுவருவார்கள். எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் உச்சித் தளத்தில் சுற்றிலும் இருக்கும் சின்னச் சின்னச் சன்னல்கள். அவை வெளிச்சத்துக்காக வைத்தவை அல்ல. ஒவ்வொரு சன்னலும் ஒரு காற்றுக்கு உரியது. கிழக்கிலிருந்து வருவது சொலானோ, தென்மேற்கிலிருந்து வருவது ஆப்ரெகோ, வடக்கிலிருந்து வருவது சியெர்சோ, டொலேடோ திசையிலிருந்து வருவது தொலெதானோ. குளிர்காலத்தில் வடபுறமிருந்து வரும் ஒரு காற்றுக்கு ‘மத்தாகாப்ராஸ்’, அதாவது ஆடுகொல்லி என்று பெயர். ஆலைக்காரர் சன்னல் சன்னலாகக் கை நீட்டிப் பார்த்து, அடுத்து எது வரும் என்று கணிப்பார். கணிப்புத் தவறிப் பின்பக்கமிருந்து பலத்த காற்று அடித்துவிட்டால் இறக்கை முறியும், கூரையே பெயரும். கத்தலினாவைச் சுற்றிய மர வளையம்தான் பிரேக். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை அதை மட்டும் நம்பி நிறுத்தப் பார்த்தால் மரம் உரசித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இத்தனை கவனம் கேட்ட இயந்திரத்தை ‘அமைதியின் சின்னம்’ என்று கட்டுரை வர்ணித்ததைப் படித்தபோது மனம் ஒப்பவில்லை.

இன்று அவை நிற்பதும் தானாக அல்ல. இயந்திர ஆலைகள் வந்த பிறகு கைவிடப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒவ்வொன்றாக மீட்டெடுக்கப்பட்டவை இவை. சாஞ்சோ, ருசியோ, கிளாவிலேன்யோ, மம்பிரீனோ என்று சிலவற்றுக்குப் பெயர் இருப்பதைக் கொண்டுதான் கட்டுரையாளர் குழம்பியிருக்க வேண்டும். அவை செர்வாண்டிஸின் நாவலில் வரும் பெயர்கள்தான், ஆலைகளுக்குப் பின்னால் சூட்டப்பட்டவை. 1605இல் வெளிவந்த அந்த நாவலின் முதல் பாகத்தில், டான் குயிக்ஸாட் சமவெளியில் முப்பது நாற்பது ஆலைகளைப் பார்த்து அரக்கர்கள் என்று நினைத்து ஈட்டியோடு பாய்கிறார். அது எந்த ஊர் என்று நாவல் சொல்லவே இல்லை. கிழக்கே இருக்கும் கம்போ தே கிரிப்தானா ஊரும் ‘எங்கள் ஆலைகள்தான்’ என்கிறது. இரண்டு ஊரும் உரிமை கொண்டாடட்டும், பத்திரிகை ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கோட்டையைப் பற்றி நீங்கள் எழுதியது பெரும்பாலும் சரி. 1183இல் மன்னர் எட்டாம் அல்போன்சோ அதைப் புனித யோவான் சபை என்னும் கிறித்தவத் துறவிப் போர்வீரர்களிடம் ஒப்படைத்தார். பிறகு பல நூற்றாண்டுகள் சுற்றுவட்டார ஊர்களின் வரியும் வழக்கும் இங்கிருந்தே நடந்தன. நெப்போலியன் படைகள் கோட்டையைச் சிதைத்தன. விட்டுப்போனது அதற்கும் முந்தியது: 1097 ஆகஸ்ட் 15 அன்று ஊருக்கு வெளியே மன்னர் ஆறாம் அல்போன்சோவின் படையை, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் அரசமரபான அல்மொராவித்களின் படை முறியடித்தது. ஸ்பெயின் வீரகாவியங்களின் நாயகன் எல் சித்தின் ஒரே மகன் தியேகோ அந்தப் போரில் இறந்தான். ஆகஸ்ட் மாதத்தில் ஊர்க்காரர்கள் இடைக்கால உடை அணிந்து அந்தப் போரை நடித்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் ஊரின் நினைவில் ஆழமாக இருப்பது போர் அல்ல, வெள்ளம். ஊருக்கு நடுவே அமர்கீயோ என்று ஓர் ஆறு. ஆறு என்று சொல்வதே அதிகம், ஆண்டின் பெரும்பகுதி மணலும் புல்லும்தான். ரோமானியர் காலத்தில் இந்த ஊருக்குக் கொன்சாபுரா என்று பெயர். இந்த ஆற்றின் குறுக்கே அவர்கள் 600 மீட்டருக்கும் அதிக நீளத்தில், ஐந்து மீட்டருக்குள் அடங்கும் உயரத்தில் ஓர் அணை கட்டினார்கள். இவ்வளவு தாழ்வாக இவ்வளவு நீளமாக ஏன் என்றால், நிலம் தட்டை. உயர்த்திக் கட்டித் தேக்கப் பள்ளத்தாக்கு இல்லை, பரப்பித்தான் தேக்க முடியும். அணையின் சுவர் இன்னும் நிற்கிறது. உங்கள் கட்டுரையில் அது இல்லை, பயணிகளும் அதை அதிகம் பார்ப்பதில்லை. 1891 செப்டம்பர் 11 இரவு பெய்த பேய்மழையில் அந்த வறண்ட ஆறு ஊருக்குள் புகுந்தது. 359 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதி வீடுகளின் சுவர் பெரும்பாலும் கெட்டித்த மண். கோடை வெயிலையும் பனிக்குளிரையும் தாங்கும் நல்ல சுவர், ஆனால் அடியில் தண்ணீர் நின்றால் கரைந்து அப்படியே அமரும். அதன் பிறகு ஆற்றின் படுகையை அகலப்படுத்திக் கட்டினார்கள். இன்று ஊர் நடுவே, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், தேவைக்கு மீறி அகலமாகத் தெரியும் அந்தக் கால்வாயைப் பார்த்துப் பயணிகள் சிரிப்பார்கள். அந்த அகலம் எதற்கு என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். செப்டம்பரில் ஊரின் திருவிழா நடக்கும்போதும் அதே மாதத்து அந்த இரவை அவர்கள் மறப்பதில்லை.

இனி, ‘பிற்பகலில் தூங்கும் ஊர்’. கடைகள் மதியம் இரண்டு மணி வாக்கில் மூடி, ஐந்து அல்லது ஐந்தரைக்குத் திறக்கின்றன. சாப்பாடு இரண்டுக்கும் மூன்றரைக்கும் இடையே, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குப் பிறகு. இதைச் சோம்பல் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கடிகாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஸ்பெயினின் பெரும்பகுதி இருப்பது லண்டனுக்கு நேர் தெற்கிலும் அதற்கு மேற்கிலும். ஆனால் 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. அது திருப்பி வைக்கப்படவே இல்லை. கோடையில் இன்னொரு மணி நேரமும் சேர்கிறது. அதனால் ஜூலை மாதத்தில் கொன்சுவேக்ராவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டே கால் காட்டும். அதாவது இரண்டரைக்குச் சாப்பிடுகிறவர் சூரியக் கணக்கில் பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிடுகிறார், நம் ஊர் விவசாயியைப் போலத்தான். வெயில் 40 டிகிரியைத் தொடும் நேரத்தில் வயலிலும் தெருவிலும் வேலை நடக்காது. அதற்குப் பதிலாகக் காலையில் சீக்கிரம் தொடங்கி இரவு வரை நீளும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசலில் நாற்காலி போட்டு அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டிருப்பார்கள். திண்ணைப் பேச்சுத்தான், திண்ணைக்குப் பதில் நாற்காலி. நகரசபைக் கட்டடமும் பழைய மரமாடங்கள் கொண்ட வீடும் எதிரெதிரே நிற்கும் ஸ்பெயின் சதுக்கத்தில் குழந்தைகள் அந்த நேரத்திலும் பந்து விளையாடுவார்கள்.

சாப்பாடு என்றதும் ஒன்று. லா மாஞ்சாவின் குளிர்கால உணவு ‘காச்சாஸ்’. இது நமக்குத் தெரிந்த ஒரு பருப்பால் ஆனது, ஆனால் கட்டுரையாளர் ‘கடலைமாவுக் களி’ என்று எழுதிவிட்டார். கடலைமாவு அல்ல, அல்மோர்தா மாவு. அல்மோர்தா என்பது நம்மவர்கள் கேசரிப் பருப்பு என்று சொல்வது. அகன்ற இரும்புச் சட்டியில் ஆலிவ் எண்ணெய் விட்டு, உரிக்காத பூண்டுப் பற்களையும் கொழுப்புள்ள பன்றிக்கறித் துண்டுகளையும் பொரித்து எடுத்து வைப்பார்கள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் சிவப்பு மிளகாய்த்தூளைப் போட வேண்டும். அடுப்பின் மேலேயே போட்டால் ஒரு நொடியில் கருகிக் கசக்கும், பிறகு எதைச் சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது. உடனே மாவைக் கொட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றிப் பச்சை வாசனை போக வறுத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 முதல் 200 கிராம் மாவு. மாவு வெந்ததற்கு அடையாளம், ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மிதப்பது. தட்டில் பரிமாறுவதில்லை. சட்டியை நடுவில் வைத்து, ஆளுக்கொரு ரொட்டித் துண்டைக் கத்தி முனையில் குத்தித் தம் பக்கத்தில் மட்டும் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது மரியாதையில்லை.

இதைத் தினமும் சாப்பிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பஞ்ச ஆண்டுகளில் வேறு உணவு இல்லாமல் மாதக்கணக்கில் இந்த மாவையே உண்ட ஏழைகளுக்குக் கால்கள் முடங்கின. பருப்பில் இருக்கும் ஒரு நச்சு நரம்பைத் தாக்குவதே காரணம். ஸ்பெயின் 1967இல் இதை மனித உணவாக விற்கத் தடை விதித்தது, அண்மைக் காலத்தில்தான் எப்போதாவது உண்பதற்கு இடம் கொடுத்தது. இந்தியாவிலும் 1961இல் இந்தப் பருப்புக்கு விற்பனைத் தடை வந்தது நினைவிருக்கலாம். ஒரே பயிர், ஒரே வறுமை, ஒரே நோய்.

இப்போது குங்குமப்பூ. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது இதுதான்.

குங்குமப்பூச் செடிக்கு விதை இல்லை. அது மலடு. மனிதன் கிழங்கைத் தோண்டிப் பிரித்து நட்டால்தான் அடுத்த தலைமுறை. ஜூன் முதல் செப்டம்பருக்குள், ஒரு சாண் ஆழமுள்ள சால்களில், கிழங்குக்குக் கிழங்கு நான்கு விரல் இடம் விட்டு நடுகிறார்கள். ஆழம் குறைந்தால் வெயிலும் உறைபனியும் கிழங்கைத் தாக்கும், கூடினால் முளை மேலே வருவதற்குள் சத்து தீர்ந்து பூ குறையும். முதல் ஆண்டு விளைச்சல் கொஞ்சம்தான், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் நன்றாக இருக்கும். நான்காம் ஆண்டோடு கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த நிலத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் மறுபடி நடமாட்டார்கள். கிழங்கு ஒன்று பலவாகப் பெருகி நெருக்கியடிப்பதும் ஒரு காரணம், பெரிய காரணம் பூசணம். கிழங்கின் மேல் ஊதா நிறத்தில் படர்ந்து அழுக வைக்கும் அந்த நோய் ஒரு கிழங்கில் வந்தால் வட்டம் வட்டமாக வயல் முழுக்கப் பரவும், மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கும். வயல் எலிகளும் கிழங்கைத் தின்னும், முயல் இலையைத் தின்னும். இலையைத் தின்றால் என்ன என்று கேட்கக் கூடாது, குளிர்காலம் முழுக்க அந்த இலைதான் அடுத்த வருடக் கிழங்கை ஊட்டி வளர்க்கிறது.

பூப்பது அக்டோபர் கடைசியில் தொடங்கி இரண்டு மூன்று வாரம். அதில் சில நாள்களில் வயல் முழுதும் ஊதாப் போர்வை விரித்ததுபோல் ஒரே சமயத்தில் மலரும். அவற்றைப் ‘போர்வை நாள்கள்’ என்றே சொல்கிறார்கள். ஒரு பூவின் ஆயுள் ஒரு நாளுக்குச் சற்று மேல். அதனால் மலர்ந்த பூவை மறுநாளைக்கு விட்டுவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை, மழை, கல்யாணம் எதுவும் இதற்குத் தடையல்ல. சூரியன் ஏறி இதழ்கள் விரிவதற்கு முன்பே பறிக்க வேண்டும். விரிந்த பூவைப் பறிப்பது தாமதமாகும், உள்ளே இருக்கும் சிவப்பு இழை வெயிலில் வாடி நிறமும் மணமும் இழக்கும். குனிந்த முதுகு நிமிராமல், சால் ஓரமாக நடந்து, கட்டைவிரல் நகத்தையும் சுட்டுவிரலையும் வைத்துக் காம்படியில் கிள்ளி, பிரப்பங்கூடையில் போடுகிறார்கள். பிளாஸ்டிக் வாளி கூடாது, பூ வியர்த்துப் புழுங்கும். கூடையை அமுக்கியும் நிரப்பக் கூடாது.

அன்றைக்கே உரித்தாக வேண்டும். ‘மோந்தா’ என்று பெயர். நீண்ட மேசையின் நடுவே பூக்களைக் குவித்துச் சுற்றிலும் உட்காருவார்கள், பெரும்பாலும் பெண்கள். இடது கையில் பூவைப் பிடித்துக் காம்பைக் கிள்ளினால் இதழ்கள் தளரும், வலது கை விரல்கள் மூன்று சிவப்பு இழைகளையும் ஒன்றாக, அவை சேரும் இடத்தில் பற்றி உருவும். கிள்ளும் இடம்தான் கைத்திறன். மேலே கிள்ளினால் இழைகள் தனித்தனியாக உதிர்ந்து நேரம் வீணாகும், கீழே கிள்ளினால் வெள்ளை மஞ்சள் தண்டும் மஞ்சள் மகரந்தமும் சேர்ந்து வந்து சரக்கின் தரம் விழும். உரித்த இழை ஒரு சின்னத் தட்டில் சேரும், உரித்த இதழ்கள் கால்மாட்டில் மலையாகும். லா மாஞ்சாவில் இந்தப் பூவை ரோஜா என்றுதான் சொல்கிறார்கள். 1963 முதல் அக்டோபர் கடைசி வார இறுதியில் நடக்கும் திருவிழாவுக்கும் ‘குங்குமப்பூ ரோஜா விழா’ என்பதே பெயர். அதில் உரிக்கும் போட்டி உண்டு, வேகமாகவும் ஒரு மகரந்தத்தாள்கூடக் கலக்காமலும் உரித்தவருக்குப் பரிசு. சாஞ்சோ ஆலையில் துணி கட்டி, அமைதிக்காக என்று சொல்லிக் கோதுமை அரைப்பதும் அதே விழாவில்தான். உங்கள் கட்டுரையாளர் பார்த்தது அந்தத் திருவிழா நாள் அரவையை என்றால், பன்னிரண்டு ஆலைகளும் தினமும் ஓடுவதாக எழுதியிருக்கக் கூடாது.

உரித்த இரவே உலர்த்தல். இங்கேதான் உங்கள் மூன்றாவது குறிப்பு தவறுகிறது. காஷ்மீரிலும் ஈரானிலும் வெயிலிலோ நிழலிலோ உலர்த்தும் வழக்கம் உண்டு. லா மாஞ்சாவில் வாட்டுகிறார்கள். மெல்லிய துணியோ கம்பிவலையோ கட்டிய சல்லடையில் ஈர இழைகளை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, தணலுக்கோ சின்ன அடுப்புக்கோ மேலே கொஞ்ச உயரத்தில் வைப்பார்கள். அரை மணி நேரம் அளவில் ஆகும். நடுவே கிளறினால் ஈர இழை ஒன்றோடொன்று ஒட்டிச் சிதையும். அதனால் இன்னொரு சல்லடையைக் கவிழ்த்து மூடி, ஒரே வீச்சில் தோசை திருப்புவதுபோல் புரட்டிவிடுவார்கள். சூடு கூடினால் இழை கறுத்துத் தீய்ந்த வாடை வரும், குறைந்தால் உள்ளே ஈரம் தங்கி டப்பாவில் பூசணம் பிடிக்கும். ஐந்து கிலோ ஈர இழை ஒரு கிலோவாக வற்றும். குங்குமப்பூவின் அந்த மணம் பச்சைப் பூவில் கிடையாது, ஈரம் போகும் பக்குவத்தில்தான் பிறக்கிறது. லா மாஞ்சா சரக்கின் தனித்தன்மை இந்தச் சல்லடையில் இருக்கிறது. அதை ‘வெயிலில் காயவைக்கிறார்கள்’ என்று எழுதினால் அவர்களுடைய ஒரு வருட உழைப்பின் கடைசி அரை மணி நேரத்தையே அழித்துவிட்டதாகும்.

ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் பூக்கள் வரை. நம் கடைகளில் கிடைக்கும் 1 கிராம் டப்பாவில் 150 முதல் 250 பூக்களை ஒருவர் குனிந்து பறித்து, இன்னொருவர் உட்கார்ந்து உரித்த வேலை இருக்கிறது. இந்த வேலைக்கு இன்றும் இயந்திரம் பெரிதாக உதவவில்லை. 1960களில் இளைஞர்கள் மாட்ரிட்டுக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனபோது விழுந்த அடி இன்னும் ஆறவில்லை. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்பெயினில் பத்தாயிரம் ஹெக்டேருக்கும் மேல் இருந்த சாகுபடி இன்று சில நூறு ஹெக்டேருக்குள் அடங்கிவிட்டது. உலக விளைச்சலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஈரானுடையது. அந்தச் சரக்கு ஸ்பெயினுக்கு வந்து, டப்பாவில் அடைபட்டு, ஸ்பெயின் குங்குமப்பூ என்ற பெயரில் உலகம் சுற்றுவதும் உண்டு. ஈரான் சரக்கு மட்டம் என்று சொல்லவில்லை, அது நல்ல சரக்கு. ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டு வருவதுதான் தவறு. இதற்காகத்தான் ‘அசாஃப்ரான் தே லா மாஞ்சா’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு 2001இல் வந்தது. டப்பாவில் அந்தப் பெயரும், வரிசை எண் உள்ள முத்திரையும், அறுவடை ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘ஸ்பெயின்’ என்று மட்டும் இருந்தால் அது அடைத்த இடத்தைச் சொல்வதாக இருக்கலாம்.

போலியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி. வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கைந்து இழை போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். நல்ல சரக்கு மெதுவாகப் பொன்மஞ்சளாகக் கரையும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டதும் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம் ஏற்றிய குசும்பப்பூவோ சோளநாரோ. உண்மையான இழையின் ஒரு முனை எக்காளம் போல விரிந்திருக்கும். எடை கூட எண்ணெயோ தேனோ தடவிய இழை விரலில் பிசுபிசுக்கும், தாளில் வைத்து அழுத்தினால் கறை படியும். நான்கு பேர் சமையலுக்கு 0.1 கிராம் போதும். சமைப்பதற்கு அரை மணி முன்னால் சூடான தண்ணீரிலோ பாலிலோ ஊறவைத்து, கடைசியில் சேர்க்க வேண்டும். நேராகக் காயும் எண்ணெயில் போட்டால் மணம் ஆவியாகிவிடும், நிறமும் முழுதாக இறங்காது. ஒளி படாத, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து இரண்டு வருடத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். கட்டுரையின் பெட்டிச் செய்தியில் கர்ப்பிணிகள் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்றும் இருந்தது. குழந்தையின் நிறம் பெற்றோர் வழி வருவது, பாலில் போடும் இழையால் மாறாது. ஒரு நாளிதழ் அதை அச்சிட்டதில் உண்மையிலேயே வருத்தம்.

இந்தத் திருத்தங்களை அடுத்த இணைப்பிதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். அங்கே போக நினைக்கும் வாசகர்களுக்காக ஒரு தகவலையும் சேர்த்து வெளியிடுங்கள். விழா நடக்கும் அக்டோபர் கடைசி ஞாயிறன்று அதிகாலையில்தான் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். சனிக்கிழமை எட்டரை மணிக்கு மேல் உதிக்கும் சூரியன் ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு மேல் உதிக்கும். பறிக்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வெளுக்கும் கிழக்கைப் பார்க்கிறார்கள். விடுதியில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வயலுக்குப் போனால் பச்சை இலைதான் இருக்கும், பூ இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்கள்,
திருச்சி